நிரந்தரமா, ஃபிக்ஸட் டேர்மா, காண்ட்ராக்டா, கன்சல்டன்ட்டா: எந்த ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவது?

போன மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன். "மாமா, ரெண்டு லெட்டர் வந்திருக்கு. ஒண்ணு பெர்மனன்ட், மாசம் ஐம்பதாயிரம் சி.டி.சி. இன்னொண்ணு ரெண்டு வருஷத்துக்குன்னு போட்டிருக்கு, ஐம்பத்தஞ்சாயிரம். அம்மா பெர்மனன்ட்டையே எடுக்கச் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க."

பதினான்கு வருஷமாகச் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பவன் நான். இரண்டு லெட்டரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அக்கா சொன்னதும் தப்பில்லை, பழைய கணக்குப்படி. ஆனால் 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்த பிறகு அந்தக் கணக்கு பல இடங்களில் மாறிவிட்டது. இதே கேள்வியோடு கடந்த சில மாதங்களில் இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவருக்கு தேர்ட் பார்ட்டி பேரோல், இன்னொருவருக்கு கன்சல்டன்ட். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

பெரும்பாலானவர்கள் பார்ப்பது இரண்டே விஷயம்: மாதம் கைக்கு எவ்வளவு, "நிரந்தரம்" என்ற வார்த்தை இருக்கிறதா. நான் லெட்டரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பேன். இந்த வேலை எப்படி முடியும், முடியும் நாளில் யார் எனக்கு என்ன தரவேண்டும் என்பதுதான் என் முதல் அளவுகோல். தனியார் வேலையில் யாரும் ஓய்வு பெறும்வரை ஒரே இடத்தில் உட்காருவதில்லை. நீங்களே கிளம்புவீர்கள், இல்லையென்றால் கிளப்புவார்கள்.

அடுத்தது, சி.டி.சி.யில், அதாவது கம்பெனி நமக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகையில், எவ்வளவு உண்மையில் நம் பணம் என்பது. மூன்றாவது, நடுவில் உடம்புக்கு வந்தாலோ குழந்தை பிறந்தாலோ என்ன ஆகும். நான்காவது, நாமாக விலக நினைத்தால் எவ்வளவு சுலபம்: நோட்டீஸ், பாண்ட் இத்யாதி. ஐந்தாவது சின்ன விஷயம்தான், ஆனால் கடிக்கும்: வீட்டுக்கடன் கேட்கும்போதும் அடுத்த வேலைக்குப் போகும்போதும் இந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு.

## என்ன மாறியிருக்கிறது?

29 மத்தியச் சட்டங்களைச் சுருக்கி, ஊதியம், தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று நான்கு தொகுப்புகளாக்கியிருக்கிறார்கள். ஆஃபர் லெட்டரோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதில் நாலு விஷயம் முக்கியம்.

ஒன்று, "ஊதியம்" என்பதற்குப் புது வரையறை. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, தக்கவைப்புப் படி மூன்றும் ஊதியம். மற்ற படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சியதும் ஊதியத்தோடு சேரும். அடிப்படையை 30 சதவீதமாக அமுக்கி, மீதியை "ஸ்பெஷல் அலவன்ஸ்" என்று கொட்டும் பழைய வித்தை இனி எடுபடாது. பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டி, இந்த ஊதியத்தின் மேல்தான் கணக்கிடப்படும் என்பதால் தொகை கூடும்.

இரண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருஷம் முடிந்தாலே பணிக்கொடை. நிரந்தர ஊழியருக்கு அதே பழைய ஐந்து வருஷம்தான். மூன்று, எல்லோருக்கும் எழுத்துப்பூர்வமான நியமனக் கடிதம் கட்டாயம். நான்கு, ராஜினாமாவோ பணிநீக்கமோ, சம்பள பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்கவேண்டும். "செட்டில்மென்ட் 45 நாளில் வரும்" என்று உங்கள் லெட்டரில் இன்னும் இருந்தால், ஹெச்.ஆர். பழைய டெம்ப்ளேட்டையே நகலெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

## நிரந்தரப் பணி

இதன் பலம் வேலை முடியும் முறையில் இருக்கிறது. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ தரவேண்டும். அதோடு ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. புதிய சட்டத்தில், வேலை போனவர் புதுத் திறன் கற்றுக்கொள்ள மறுதிறன் நிதி என்ற ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆட்குறைப்பான 45 நாளுக்குள் இன்னொரு 15 நாள் சம்பளம் உங்கள் கணக்குக்கு வரவேண்டும். தமிழ்நாட்டில் 1947-ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவையும் மறக்கவேண்டாம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம்.

சரி, இதெல்லாம் யாருக்கு? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆட்குறைப்பு இழப்பீடு "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருபவருக்கு மட்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் அதற்கு வெளியே. கார்டில் "மேனேஜர்" என்று அச்சடித்ததால் மட்டும் ஒருவர் மேனேஜர் ஆகிவிடுவதில்லை. நீதிமன்றம் செய்யும் வேலையைத்தான் பார்க்கும். ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் வழக்குப் போட்டாகவேண்டும். அதேபோல், அரசின் முன் அனுமதி வாங்கித்தான் ஆட்குறைப்பு செய்யவேண்டும் என்ற பாதுகாப்பு முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலைகளுக்கே இருந்தது. இப்போது 300 பேர் இருந்தால்தான்.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். அக்கா மகளின் நிரந்தர லெட்டரில் இரண்டாம் பக்கத்தின் கீழே ஒரு வரி: "கிராஜுவிட்டி 4.81%, மாதம் ரூ. 1,202". அடிப்படை 25,000 என்பதால் வந்த தொகை. வருஷத்துக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற கணக்கில், பதினைந்தை இருபத்தாறால் வகுத்து, பன்னிரண்டால் வகுத்தால் இந்த 4.81 சதவீதம் வரும். இது சி.டி.சி.க்குள் இருக்கிறது, அதாவது அந்த ஐம்பதாயிரத்தில் இதுவும் அடக்கம். அவள் இரண்டு வருஷத்தில் கிளம்பினால் 28,846 ரூபாய் காற்றில் போகும். ஐந்து வருஷம் ஒரே இடத்தில் இருப்பாயா என்று கேட்டேன். சிரித்தாள்.

அப்புறம் நோட்டீஸ் பீரியட். நிரந்தரம் என்றாலே 90 நாள் என்று ஆகிவிட்டது. அடுத்த கம்பெனி 30 நாளில் வா என்கிறது. பாண்டும் உண்டு. மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கி, ஆள் தேர்வுக்கு ஆகும் செலவு என்று அதற்குத் தனிக் காரணங்கள் இருந்தன. இருந்தாலும் "பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடவேண்டாம்.

வீட்டுக்கடன் வாங்கப் போகிறவர், ஐந்து வருஷம் தங்கும் எண்ணம் உள்ளவர், குடும்பத்தில் ஒருவர் சம்பளம் மட்டுமே வருகிறவர் இதையே எடுக்கலாம்.

## ஃபிக்ஸட் டேர்ம்

கம்பெனியே உங்களை நேரடியாக, எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில், இன்ன தேதி வரை என்று எடுத்துக்கொள்வது. காண்ட்ராக்ட் வேலை என்று பேச்சுவாக்கில் சொல்வோம். ஆனால் சட்டத்தில் இதுவும் காண்ட்ராக்டர் மூலம் வருவதும் வெவ்வேறு. அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளியைவிட வேலை நேரமோ சம்பளமோ படிகளோ இவருக்கு மட்டமாக இருக்கக்கூடாது. பி.எஃப்., விடுப்பு எல்லாம் உண்டு.

அக்கா மகளின் இரண்டாவது லெட்டரில் ஊதியம் 27,500. இரண்டு வருஷம் முடித்தால் பணிக்கொடை 31,731 ரூபாய் கைக்கு வரும். நிரந்தர லெட்டரில் இதே இரண்டு வருஷத்துக்குப் பூஜ்யம். சட்டம் மாறியதால் தலைகீழான இடம் இதுதான். இரண்டு மூன்று வருஷத்தில் மாறப்போகிறேன் என்பவருக்கு ஃபிக்ஸட் டேர்மே லாபம்.

இழப்பும் இருக்கிறது, அது பெரிசு. காலம் முடிந்ததால் வேலை போனால் அது ஆட்குறைப்பில் சேராது என்று சட்டமே சொல்லிவிட்டது. இழப்பீடு இல்லை, காரணம் சொல்லவேண்டியதில்லை. தேதி வந்தால் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நடக்கவேண்டியதுதான்.

அதைவிட மோசமான ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும். முதல் பக்கத்தில் "24 மாதங்கள்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஏழாம் பக்கத்தில் "30 நாள் நோட்டீஸ் கொடுத்து எந்தத் தரப்பும் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருக்கும். அப்படியானால் அந்த ஒப்பந்தத்தின் உண்மையான நீளம் 30 நாள். நான் பார்த்த லெட்டர்களில் இந்த வரி இல்லாதது அபூர்வம். இதை மாற்றக் கேட்பது தப்பே இல்லை: நோட்டீஸைக் கூட்டச் சொல்லலாம், இல்லையென்றால் நடுவில் அவர்களாக முடித்தால் இத்தனை மாதச் சம்பளம் என்று எழுதச் சொல்லலாம்.

மகப்பேறு பற்றிப் பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் உரிமை வந்துவிடுகிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். விடுப்பின் நடுவில் ஒப்பந்தத் தேதி முடிந்துவிட்டால்? 2023 ஆகஸ்ட்டில் டாக்டர் கவிதா யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: ஒப்பந்த காலம் தாண்டினாலும் மகப்பேறுப் பலன் முழுவதும் தரவேண்டும். இந்த ஒரு தீர்ப்பைத் தெரிந்துவைத்துக்கொண்டால் ஹெச்.ஆரிடம் பேசும் தொனியே மாறும்.

வங்கியில் மட்டும் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று கேட்பார்கள்.

## தேர்ட் பார்ட்டி பேரோல், அதாவது காண்ட்ராக்ட்

வேலை பெரிய கம்பெனியில், சம்பளம் ஒரு ஸ்டாஃபிங் ஏஜென்சியிலிருந்து. கழுத்துப் பட்டையின் நிறமே வேறாக இருக்கும். சில இடங்களில் கேன்டீன் வரிசையும் வேறு.

புதிய சட்டப்படி 50 ஒப்பந்தத் தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும். முன்பு 20 ஆக இருந்தது. காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கும் கம்பெனி தரவேண்டும் என்பது நல்ல பாதுகாப்பு. ஆனால் ஏஜென்சி உங்களைத் தன் நிரந்தர ஊழியராக வைத்து, வருஷாவருஷம் இன்க்ரிமென்ட்டும் சமூகப் பாதுகாப்பும் கொடுத்தால் நீங்கள் "ஒப்பந்தத் தொழிலாளி" என்ற வரையறைக்குள்ளேயே வரமாட்டீர்கள். ஐ.டி. பக்கம் தேர்ட் பார்ட்டியில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அந்த நிலையில் உங்களுக்கு முதலாளி ஏஜென்சிதான், கண்ணாடிக் கட்டடத்துக்காரர் அல்ல.

மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பி.எஃப். பிடித்ததாக ஸ்லிப்பில் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. என்னிடம் வந்த ஒரு பையனின் ஸ்லிப்பில் பதினோரு மாதமும் 1,800 கழித்திருந்தது. பாஸ்புக்கைத் திறந்தால் ஏழு மாதம்தான் வரவு. மாதாமாதம் பாஸ்புக்கைப் பாருங்கள், அவ்வளவுதான் சொல்லமுடியும்.

தமிழ்நாட்டு ஆலைகளில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். "480 நாள்" என்று யூனியன்காரர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1981-ஆம் வருஷத்து மாநிலச் சட்டம் அது. அது பொருந்தும் தொழில் நிறுவனத்தில் 24 காலண்டர் மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணி செய்த தொழிலாளி நிரந்தரமாகிறார். ரத்தான 29 சட்டங்களுமே மத்திய அரசினுடையவை, இது மாநிலத்தினுடையது. வேலையில் உங்களுக்குத் தரும் இடைவெளி, அதாவது பிரேக், ஏன் சரியாக அந்தக் கணக்குக்கு முன்னால் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும். வருகைப் பதிவு, கேட் பாஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

புதிதாகத் துறைக்குள் நுழைபவர், பெரிய இடத்தில் வேலை கற்றுக்கொள்ள வேறு வாசல் இல்லாதவர் ஒரு வருஷத்துக்கு எடுக்கலாம். அதற்கு மேல் இருப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அனுபவக் கடிதம் ஏஜென்சி பெயரில்தான் வரும் என்பதையும் கணக்கில் வைக்கவும்.

## கன்சல்டன்ட்

இதில் நீங்கள் ஊழியரே அல்ல. பி.எஃப்., பணிக்கொடை, சம்பளத்தோடு விடுப்பு, மகப்பேறுப் பலன் எதுவும் கிடையாது. பில் போடுகிறீர்கள், 10 சதவீதம் டி.டி.எஸ். என்ற முன்கூட்டிய வரியைப் பிடித்து மீதியைப் போடுகிறார்கள்.

மாதம் 60,000 கன்சல்டன்ட் கட்டணமா, 50,000 சி.டி.சி.யா என்று கேட்டவருக்கு நான் போட்ட கணக்கு இது. சி.டி.சி.யில் முதலாளி பி.எஃப். 1,800, பணிக்கொடை 1,202, உங்கள் பி.எஃப். 1,800 போக கைக்கு 45,198. கன்சல்டன்ட்டுக்கு டி.டி.எஸ். போக 54,000. பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் வருஷத்தில் 25 நாள் விடுப்பு எடுத்தால், ஒரு நாளுக்கு 2,308 வீதம் சுமார் 57,700 போச்சு. கம்பெனி தந்த மருத்துவக் காப்பீடு இல்லை, நீங்களே எடுக்கவேண்டும். ஒரு ஒப்பந்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரே ஒரு மாதம் காலியாக உட்கார்ந்தால் இன்னொரு 60,000. முடிவில் 7,20,000 என்பது ஆறு லட்சத்துக்கும் கீழே வந்து நிற்கிறது. சி.டி.சி.யைவிட 40 சதவீதமாவது கூடுதலாக இல்லையென்றால் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பெரிய தொகைக்குப் போனால் கதை வேறு. என்ஜினியர், டாக்டர், வக்கீல், ஆடிட்டர் போன்று வருமான வரிச் சட்டத்தின் பட்டியலில் உள்ள தொழில்காரர், வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இந்த வரம்பு 75 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி விழுவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 20 லட்சம் பில் போடுபவருக்கு இது சம்பளத்தைவிட எவ்வளவோ மேல். அந்த 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு, 18 சதவீதம், ரிட்டர்ன் எல்லாம் வந்து சேரும்.

காலை ஒன்பதரைக்கு பஞ்ச், அவர்கள் லேப்டாப், அவர்கள் மேனேஜர், வேறு யாருக்கும் வேலை பார்க்கக்கூடாது, ஆனால் பெயர் மட்டும் கன்சல்டன்ட் என்றால்? 1973-லேயே சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்துவிட்டது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தையல்காரர்கள், கடைக்காரரின் மெஷினில் தைத்தார்கள், தைத்தது சரியில்லை என்று அவர் சொன்னால் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பானது. அன்றைக்குத் தையல் மெஷின், இன்றைக்கு லேப்டாப்.

## ஒரே பார்வையில்

| | நிரந்தரம் | ஃபிக்ஸட் டேர்ம் | தேர்ட் பார்ட்டி | கன்சல்டன்ட் |
|---|---|---|---|---|
| பி.எஃப். | உண்டு | உண்டு | உண்டு, ஏஜென்சி வழியாக | இல்லை |
| பணிக்கொடை | 5 வருஷம் முடிந்தால் | 1 வருஷம் முடிந்தால் | ஏஜென்சியோடு உள்ள ஒப்பந்த வகைப்படி | இல்லை |
| வேலை முடிந்தால் | தொழிலாளிக்கு இழப்பீடு | காலம் முடிந்தால் எதுவும் இல்லை | ஏஜென்சியைக் கேட்கவேண்டும் | ஒப்பந்தத்தில் உள்ளது மட்டும் |
| மகப்பேறு | 26 வாரம் | 26 வாரம், ஒப்பந்தத் தேதி தாண்டியும் | உண்டு | இல்லை |
| விலகுவது | 90 நாள், பாண்ட் | பெரும்பாலும் 30 நாள் | சுலபம் | மிகச் சுலபம் |
| வங்கிக் கடன் | சுலபம் | பாக்கி மாதம் பார்ப்பார்கள் | சுமார் | வரி ரிட்டர்ன் கேட்பார்கள் |

முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. மத்திய அரசின் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டத்தில், 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை முதன்முதலாகப் பி.எஃப்.பில் சேருபவருக்கு ஒரு மாத ஊதியம், அதிகபட்சம் 15,000 ரூபாய், இரண்டு தவணையாகக் கிடைக்கும். சம்பளம் மாதம் ஒரு லட்சத்துக்குள் இருக்கவேண்டும். கன்சல்டன்ட்டாகத் தொடங்குகிறவருக்கு இது போச்சு.

அக்கா மகள் கதை பாக்கி இருக்கிறது. அவளுக்கு வயது 24, கடன் இல்லை, இரண்டு வருஷத்தில் மேல்படிப்புக்குப் போகும் எண்ணம். ஃபிக்ஸட் டேர்மையே எடு, ஆனால் ஏழாம் பக்கத்து 30 நாளைப் பற்றி ஒரு மெயில் போட்டுவிட்டு எடு என்றேன். "கேட்டா ஆஃபரையே வாபஸ் வாங்கிடுவாங்களா மாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மெயிலை நாங்கள் சேர்ந்துதான் எழுதினோம், நாலே வரி. மூன்று நாள் பதில் இல்லை. அக்கா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான்காம் நாள் திருத்திய லெட்டர் வந்தது: 30 என்பது 60 ஆகியிருந்தது. நாங்கள் கேட்டது 90. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.